வரிசை போட்டவர் பெயர் எங்கே?: மிக்ஸ் ஆல்பமும் மலைப்பாதைக் கேசட்டும்

'புரொகிரஸிவ் ஹவுஸ்' என்ற சொற்சேர்க்கையை முதன்முதலாகக் கேட்கிற தமிழ் இலக்கியவாதி ஒருவர், அதை 'முற்போக்கு வீடு' என்று மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு, ஏதோ ஒரு சங்கத்தின் மாவட்ட அலுவலகக் கட்டடம் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. நம் சூழலில் முற்போக்கு என்ற சொல்லுக்குக் கொடியும் உறுப்பினர் அட்டையும் உண்டு. அங்கே அது ஒரு நடன இசைக்கு வைத்த அடைமொழி. 'ஹவுஸ்' என்ற பெயர் சிகாகோவில் 1977இல் தொடங்கிய 'வேர்ஹவுஸ்' நடன விடுதியிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கறுப்பின மக்களும் ஒருபால் விருப்பம் கொண்டவர்களும் தங்களுக்கென்று வைத்திருந்த இடம் அது. ஃப்ராங்கி நக்கிள்ஸ் அங்கே இசைத்தட்டு ஓட்டினார். அந்த இசை கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய், நீண்டு, மெதுவாகப் படிப்படியாக ஏறுகிற ஒரு வடிவத்தை அடைந்தபோது, அதற்கு 'புரொகிரஸிவ்' என்ற அடைமொழியை 1992இல் 'மிக்ஸ்மேக்' இதழில் எழுதி நிலைநிறுத்தியவர் டாம் ஃபிலிப்ஸ். இதே டாம் ஃபிலிப்ஸ்தான் பின்னாளில் பிரேசிலுக்குப் போய், அமேசான் காட்டு மக்களின் நிலம் பறிபோவதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, 2022 ஜூன் மாதம் ஜவாரி பள்ளத்தாக்கில் புரூனோ பெரேரா என்ற பழங்குடி நலச் செயல்பாட்டாளருடன் சேர்த்துக் கொல்லப்பட்டார். அவருடைய மரணத்தை இந்த இசையின் 'உள்ளார்ந்த அரசியலுக்கு' சாட்சியாக நான் இழுத்துவரப் போவதில்லை. அது அவருக்கும் இசைக்கும் செய்கிற அநியாயம். ஆனால் ஒரு அடைமொழியைக் கண்டுபிடித்த ஆளின் வாழ்க்கை எங்கே போய் முடிந்தது என்பது தெரிந்திருக்க வேண்டிய செய்திதான்.

நான் இங்கே பேச நினைப்பது இந்த இசை வகையின் ஒரு குறிப்பிட்ட சரக்கைப் பற்றி: ஒரு இசைத்தட்டு நிறுவனம் தான் வெளியிட்ட தட்டுகளின் பட்டியலிலிருந்து பத்துப் பதினைந்தை எடுத்து, ஒரு டி.ஜே.யிடம் கொடுத்து, இடைவெளியே இல்லாத ஒரே ஓட்டமாகக் கோத்து விற்கிற 'மிக்ஸ் ஆல்பம்'. அதன் அட்டையில் பெரிய எழுத்தில் யார் பெயர் இருக்கும்? பாட்டை உண்டாக்கியவர்கள் பெயர் உள்ளே பொடி எழுத்தில். வெளியே பெரிதாக இருப்பது வரிசை போட்டவரின் பெயர். அதற்குப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர். ஆக, வரிசைப்படுத்துவது என்பதே ஒரு படைப்புச் செயல், அதற்கு ஒரு கையெழுத்து உண்டு என்று 1990களின் சந்தை ஒப்புக்கொண்டது. இதே வேலையை நம்மூரில் செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் என் கேள்வி.

முதலில் அந்த வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு தட்டு ஓட்டிகள். 1979இல் வந்த டெக்னிக்ஸ் 1200 மார்க் 2 வகையில் வேகத்தை எட்டு சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ ஒரு நகர்த்தி உண்டு. ஒரு தட்டு முடியும் தறுவாயில் இரண்டாவது தட்டின் தாளத்தை முதலாவதன் தாளத்தோடு காதிலேயே பொருத்தி, இரண்டையும் ஒன்றாகச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பழையதை மெல்ல விலக்க வேண்டும். கேட்பவருக்கு எது எங்கே முடிந்தது என்று தெரியாது. பாட்டின் தொடக்கமும் முடிவும் கரைந்துபோகின்றன. மிஞ்சுவது ஏற்றமும் இறக்கமும்தான். நூலறுந்த மாலைக்குப் பூ மட்டும் போதாது என்பது மாதிரி, இங்கே நூல்தான் சரக்கு.

இந்தச் சரக்கு எங்கே செய்யப்பட்டது என்பதும் முக்கியம். 'ரெனெய்சன்ஸ்' என்ற நடன இரவு 1992இல் தொடங்கியது லண்டனில் அல்ல, நாட்டிங்ஹாம்ஷயர் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான மான்ஸ்ஃபீல்டில். அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு 31 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தது. முப்பதாயிரம் பேருக்கு வேலை போகும் நிலை. சுரங்கம் செத்துக்கொண்டிருந்த ஊரில் சாஷாவும் ஜான் டிக்வீடும் விடிய விடியத் தட்டு ஓட்டினார்கள். அவர்கள் கோத்த மூன்று குறுந்தட்டுத் தொகுப்பு, 'ரெனெய்சன்ஸ்: த மிக்ஸ் கலெக்‌ஷன்', 1994இல் வெளிவந்தது. அதே 1994இல் பிரிட்டன் இயற்றிய குற்றவியல் நீதிச் சட்டம், திறந்த வெளியில் இரவில் நூறு பேருக்கு மேல் கூடி, ஒரே தாளம் திரும்பத் திரும்ப வரும் இசையைக் கேட்டால் கலைக்கும் அதிகாரத்தைப் போலீசுக்குக் கொடுத்தது. வயல்வெளியில் இலவசமாகக் கேட்டால் குற்றம், டிக்கெட் வாங்கிய மண்டபத்திலும் காசு கொடுத்து வாங்கிய தட்டிலும் கேட்டால் கலை. இந்த இரண்டும் ஒரே ஆண்டில் நடந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை.

பட்டியல் விவகாரம் அடுத்தது. ஒரு மிக்ஸ் தொகுப்புக்கு ஒவ்வொரு தட்டுக்கும் உரியவரிடம் அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டும். நிறுவனம் தன் சொந்தப் பட்டியலுக்குள்ளேயே நின்றுகொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். விற்காமல் கிடக்கிற பழைய தட்டுக்கும் உயிர் வரும். 1990களின் தொடக்கத்தில் வில்லியம் ஆர்பிட் கூட்டாக நடத்திய 'கெரில்லா' நிறுவனம் (பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், அவர்கள் காட்டுக்குள் போகவில்லை) 'டப் ஹவுஸ் டிஸ்கோ' என்று தன் வெளியீடுகளைத் தொகுத்துப் போட்டது. டிக்வீட் பின்னாளில் 'பெட்ராக்' என்ற நிறுவனத்தையே தொடங்கி, அந்தப் பெயரிலேயே தொகுப்புகள் கோத்தார். அதாவது பட்டியலின் முதலாளியும் வரிசை போடுகிற தொழிலாளியும் ஒரே ஆள். வரிசை என்பது முதலில் ஆட்டக்காரர்களின் கால்களுக்காகப் போடப்பட்டது. பிறகு கிடங்கை விற்றுத் தீர்ப்பதற்காகவும் போடப்பட்டது. இரண்டும் ஒரே தட்டில் இருக்கின்றன. கேட்கிறபோது எது எது என்று பிரிப்பது சுலபமல்ல.

இப்போது நம் பக்கம் வருவோம். கிராமபோன் கம்பெனி 1902இல் கல்கத்தாவில் முதல் ஒலிப்பதிவுகளைச் செய்தது. 1908இல் அங்கேயே தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை வைத்தது. எழுபத்தெட்டு சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் பாட்டு. ஆகவே அப்போது வரிசை என்பது வீட்டுக்காரரின் கைவேலை: ஒரு தட்டு முடிந்ததும் எழுந்துபோய் அடுத்ததை வைக்க வேண்டும். நிறுவனம் தன் வரிசையைக் காகிதத்தில் போட்டது. மாதாந்தர வெளியீட்டுப் பட்டியல், வித்துவான் படம், எண், விலை. பட்டியல் நிறுவனத்துக்கு, வரிசை கேட்பவருக்கு என்ற இந்தப் பிரிவினை கவனிக்கத் தக்கது.

இந்தப் பிரிவினைக்குள் மூன்றாவது ஆளாக நுழைந்தவர் வானொலி அறிவிப்பாளர். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களைக் கெடுக்கிறது என்ற தூய்மைவாதத்தில் அகில இந்திய வானொலியில் அதற்கு நெருக்கடி கொடுத்தார். விளைவு, கேட்பவர்கள் மொத்தமாக இலங்கை வானொலிக்குப் போனார்கள். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் பெயர்கள் பாடகர்களின் பெயர்களுக்குச் சமமாகத் தமிழ்நாட்டில் தெரிந்திருந்தன. 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்' என்று நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பாட்டுகளைக் கோக்கிற முறை வேறு. சொல்லால் கோத்தார்கள், ஒரு பாட்டின் கடைசி வரியிலிருந்து பேச்சை எடுத்து அடுத்த பாட்டின் வாசலில் விட்டார்கள். தமிழில் 'டி.ஜே.' என்ற பாத்திரத்தின் முதல் வடிவம் இவர்கள்தான் என்று சொல்வேன். பாட்டு எந்தக் கம்பெனியுடையது என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

நீலகிரியில் இந்த வானொலிக்கு இன்னொரு பொருளும் இருந்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு அரசுகள் போட்ட கணக்கு. அவர்களைக் குடியமர்த்துவதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 1976இல் அது கழகமானது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத்து லயன் வீடுகளில் இலங்கை வானொலி கேட்டவர்களுக்கு, அது வெறும் சினிமாப் பாட்டு அல்ல. பிறந்த ஊரிலிருந்து வருகிற குரல். தங்களை வேண்டாம் என்று சொன்ன நாட்டின் வானொலியில், தாங்கள் ஒருபோதும் வாழ்ந்திராத நாட்டின் சினிமாப் பாட்டைக் கேட்பது. இந்த அனுபவத்தை எந்த இசைத்தட்டு நிறுவனத்தின் பட்டியலிலும் தேடி எடுக்க முடியாது.

அடுத்து வந்தது கேசட். பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய சாதனம், இங்கே எழுபதுகளின் இறுதியில்தான் வளைகுடாவிலிருந்து வந்தவர்களின் 'டூ இன் ஒன்' வழியாக ஊருக்குள் இறங்கியது. வட இந்தியாவில் தரியாகஞ்ச் பழச்சாறுக் கடைக்காரர் குல்ஷன் குமார் 'டி சீரிஸ்' மூலம் எச்.எம்.வி.யின் ஏகபோகத்தை உடைத்த கதையைப் பீட்டர் மேனுவல் 1993இல் 'கேசட் கல்ச்சர்' என்ற புத்தகமாகவே எழுதிவிட்டார். அதற்கு இணையாகத் தமிழ்நாட்டில் நடந்ததைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை. நான் சொல்வது ரெக்கார்டிங் சென்டர்களை. ஊருக்கு நான்கைந்து இருந்தன. பெயருக்குப் பின்னால் 'மியூசிகல்ஸ்' என்று ஒட்டியிருக்கும். முன்னால் கண்ணாடித் தடுப்பு, உள்ளே சுவரை மறைத்து இசைத்தட்டுகள், ஒரு டபுள் டெக், ஈக்வலைசர். நீங்கள் ஒரு தாளில் பாட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். வெற்றுக் கேசட்டுக்கு ஒரு காசு, பதிவுக்கு ஒரு காசு. நான்கு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ளலாம்.

எழுதிக்கொடுத்ததை அப்படியே பதிந்துகொடுத்தார்கள் என்று நினைத்தால் தப்பு. அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். சினிமாப் பாட்டு நான்கரை நிமிடம் என்றால் ஆறு பாட்டு, மிச்சம் மூன்று நிமிடம். ஏழாவது பாட்டைப் பாதியில் வெட்டுவது தொழிலுக்கு அவமானம். ஆக, நம் வரிசையைக் கலைத்து நீளத்துக்கு ஏற்ப மாற்றிப் போடுவார்கள். அல்லது அந்த மூன்று நிமிடத்துக்கு நாம் கேட்காத ஏதாவது சின்னப் பாட்டையோ வாத்திய இசைத் துண்டையோ வைப்பார்கள். அந்தக் கேட்காத துண்டு பல பேருக்குப் பிடித்துப்போய், 'இது என்ன படம்ணே' என்று திரும்ப வந்து கேட்ட கதை ஊருக்கு ஊர் உண்டு. அறுபதுகளின் தட்டு ஒலி தாழ்ந்திருக்கும், எண்பதுகளின் தட்டு பளிச்சென்று அடிக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் கேட்பவர் எழுந்துபோய் ஒலியைத் திருகத் தேவையில்லாதபடி முள்ளைப் பார்த்துச் சமன் செய்ய வேண்டும். ஒரு பாட்டின் மீதம் காதில் இருக்கும்போதே அடுத்தது தொடங்க 'பாஸ்' பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துவது என்பதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பழக்கம். மான்ஸ்ஃபீல்டில் நகர்த்தியைத் தள்ளிய விரலும் இந்த விரலும் ஒரே வேலையைத்தான் செய்தன என்று நான் சொன்னால் மிகை என்பார்கள். தாளத்தைப் பொருத்தவில்லை, வாஸ்தவம். ஆனால் ஒரு மணி நேரத்தை எப்படி ஏற்றி இறக்குவது என்ற கேள்வி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இந்தக் கேள்வி மிகத் துல்லியமாக எழுகிற இடம் மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் ஓட்டுநரின் ஒரு கை ஸ்டியரிங்கிலும் மறு கை கியரிலும் இருக்கும். பிடிக்காத பாட்டை ஓட்டித் தள்ள மூன்றாவது கை கிடையாது. ஆகவே வரிசை கீழேயே, சமவெளியிலேயே, சரியாகப் போடப்பட்டிருக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் நான் பள்ளிக்கூடப் பையனாக ஏறிப்போன வேன்களில் எல்லாம் ஓட்டுநரின் கேசட் என்று ஒன்று தனியாக இருக்கும், அட்டையில் பால்பாயின்ட் பேனாவில் வெறும் 'மலை 1', 'மலை 2' என்று எழுதி. பாதி வழியில் பர்லியார். 1871இலிருந்து அரசுப் பழப் பண்ணை இருக்கிற ஊர். துரியனும் மங்குஸ்தானும் கிராம்பும் ஜாதிக்காயும் விளைகிற ஈரமான மடிப்பு. அங்கே வண்டி நிற்கும். டீ, பழக்கூடை, ரேடியேட்டருக்குத் தண்ணீர். கல்லாறு தாண்டும்போது ஆரம்பித்த 'ஏ' பக்கம் சுமாராக அங்கே முடியும். டீ குடித்துவிட்டு வந்து 'பி' பக்கத்தைத் திருப்பிப் போடுவார்கள். ஓட்டுநர் ஒருவர் பின்னாளில் எனக்குச் சொன்ன கணக்கு இது: ஏற்றத்தில் இரண்டாவது கியரில் என்ஜின் இரைச்சல் தாழ்ந்த குரலை விழுங்கிவிடும், அதனால் 'ஏ' பக்கத்தில் தாளம் தூக்கலான பாட்டு, உச்சஸ்தாயியில் எடுக்கிற பாட்டு, மெலடியெல்லாம் குன்னூரை நெருங்குகிறபோது, பனி வந்தபிறகு. இறங்கும்போது தூங்கவிடாத பாட்டு வேண்டும், தூங்கினால் எல்லாரும் போய்ச்சேர வேண்டியதுதான். இவருக்குப் 'படிப்படியான ஏற்றம்' பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை.

இதை ஒரு மக்கள் கலையாகத் தூக்கிவைத்துக் கொண்டாடிவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. ரெக்கார்டிங் சென்டர் ஒரு வியாபாரம். தாளில் பாட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கொழுந்து பறிக்கிற பெண் கடைக்குப் போய்த் தன் வரிசையைக் கொடுத்ததை நான் பார்த்ததில்லை. அவளுக்குக் கிடைத்தது அண்ணன் போட்ட வரிசை, புருஷன் போட்ட வரிசை. இன்னொன்று: கம்பெனிப் பட்டியலில் என்ன இருந்ததோ அதைத்தான் கலைத்துப் போட முடிந்தது. பர்லியாரைச் சுற்றியுள்ள பதிகளில் இருளர்கள் குழல் ஊதி, தோல் கருவி அடித்து ஆடுகிறார்கள். அந்த இசை எந்தத் தட்டிலும் இல்லாததால் எந்த வேனிலும் ஒலிக்கவில்லை. படுகர்கள் பின்னர் தங்களுக்கென்று கேசட் போட்டுக்கொண்டார்கள்; அதற்கு நிலமும் கையில் கொஞ்சம் பணமும் இருந்தது. விலக்கப்பட்டவர்கள், பட்டியலிலிருந்தும் வரிசையிலிருந்தும், இரண்டு முறை விலக்கப்பட்டார்கள்.

ஆனால் சட்டம் இந்தக் கடைக்காரர்களை எப்படிப் பார்த்தது என்பதற்கு வரவேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டம் 1984இலும் 1994இலும் திருத்தப்பட்டு இறுகியது. சொற்களின் தொகுப்பையும் அட்டவணையையும் இலக்கியப் படைப்பாக ஏற்கிற அதே சட்டத்தின் முன்னால், கேசட் கோத்தவர் தன் தொகுப்பைச் சொல்லிக்கொண்டு போக முடியாது; அவர் கோத்த ஒவ்வொரு மணியும் அடுத்தவருடையது. நிறுவனங்களின் புகாரில் ரெய்டு வரும், டெக்கைத் தூக்கிக்கொண்டு போவார்கள். உச்சமாக 2004இல், குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கிற 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தடுப்புக்காவல் சட்டத்தில் 'வீடியோ திருடர்' என்ற வகை சேர்க்கப்பட்டது. வரையறையைப் பொறுமையாகப் படித்தால் படம் மட்டுமல்ல, படத்தின் ஒலித்தடத்தில் ஒரு பகுதியைக் கொண்ட பதிவும் அதற்குள் வருகிறது. விசாரணையில்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கலாம். முழுப் படத்தைத் திருடி அச்சடிக்கிற பெருங்கும்பலைக் காட்டித்தான் சட்டம் கொண்டுவரப்பட்டது. வார்த்தைகள் மட்டும், ஆறு சினிமாப் பாட்டை அடுத்தடுத்து வைத்தவரையும் தொடுகிற தூரத்தில் நிற்கின்றன. சாஷாவின் பெயர் அட்டையில் ஏறியது. நம் ஆளின் பெயர் ஏறக்கூடிய ஒரே தாள் காவல் ஆணை.

பெரிய இடத்துச் சண்டைகளிலும் இவர் கிடையாது. இளையராஜா பாடல்களுக்கான உரிமை வழக்கில் எக்கோ நிறுவனத்தின் மேல்முறையீடு 2024 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, வரிகள் இல்லாமல் பாட்டு ஏது, பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்ன செய்வது என்று நீதிபதிகள் கேட்டார்கள். நல்ல கேள்வி. இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர், பணம் போட்டவர் என்று வாதிகளின் வட்டம் விரிகிறது. அந்தப் பாட்டுகளைத் தட்டிலிருந்து கேசட்டுக்கு மாற்றி, எண்பதுகளின் தமிழ்நாட்டுக்கு ஒரு காது உண்டாக்கிய ஆயிரக்கணக்கான கடைகள் எந்தப் பிரமாணப் பத்திரத்திலும் வருவதில்லை. அவர்கள் உரிமை கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். வரலாறு எழுதுகிறவர்கள் கேட்டிருக்கலாம்.

அந்தக் கடைகளில் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கும். வாடிக்கையாளர் பெயர், எழுதிக்கொடுத்த வரிசை, மாற்றிய வரிசை. எந்த ஆண்டு எந்த ஊரில் எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் எதை வைத்துக் கேட்டார்கள் என்பதற்கு அதைவிட ஆவணம் கிடையாது. கடைகள் செல்போன் கடைகளாக மாறியபோது நோட்டுகள் எடைக்குப் போயின. கேசட்டுகள் மட்டும் இன்னும் சில வீடுகளின் பரணில், பூஞ்சை பிடித்து, அட்டையில் கையெழுத்தோடு கிடக்கின்றன. சேகரிக்க நினைக்கிற தோழர்கள் இருந்தால் பாட்டைக் கணினியில் ஏற்றுவதில் அவசரப்பட வேண்டாம், பாட்டு எங்கேயும் போகாது. முதலில் அட்டையைப் படம் எடுங்கள். இரண்டு பக்கமும், வரிசை கலையாமல், எந்த ஊர்க் கடை, யார் கேட்டுப் பதிந்தது என்ற விவரத்தோடு.

கேசட்டுக்குப் பின் வந்த எம்.பி.3 தட்டும் பென் டிரைவும் இந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்தன. நூற்றுக்கணக்கான பாட்டு ஒரே குச்சியில்; பெரும்பாலான வண்டிகளில் அவை கோப்புப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் ஓடும். போன சீசனில் பர்லியாரில் நின்ற ஒரு வேனில் 'ஆ'வில் தொடங்குகிற பாட்டுகள் முடிந்து 'சி' வந்திருந்தது. ஓட்டுநரிடம் வரிசையைப் பற்றிக் கேட்டேன். அது பாட்டுக்குப் போகும் சார், நான் கை வைப்பதில்லை என்றார்.